சீக்கிரமே தேய்ந்த கிளட்ச்: கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா, பிளேட் மட்டும் போதுமா, ஆட்டோமேட்டிக்குக்கு மாறலாமா?

பக்குவமாக ஓட்டினால் 80,000 கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கக்கூடிய கிளட்ச், 30,000 சொச்சத்திலேயே வழுக்கத் தொடங்கிவிட்டால், காரின் சொந்தக்காரருக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கம்பெனி சர்வீஸில் ஒரு தொகை எழுதித் தருவார்கள்; வீட்டுப் பக்கத்து மெக்கானிக் அதைவிடக் குறைவாகச் சொல்வார்; இன்னொருவர் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பார்; அலுவலக நண்பர், சென்னை டிராஃபிக்கில் மேனுவல் காரே வேண்டாம், விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்குங்கள் என்பார். மேடவாக்கத்திலிருந்து தரமணிக்கு நாள்தோறும் ஓட்டும் என் சிறிய பெட்ரோல் காரில் 34,000 கிலோமீட்டரில் இந்த நிலை வந்தது. அப்போது குறைந்த தொகையைப் பார்த்து முடிவெடுத்ததால், ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க நேர்ந்தது. அந்த அனுபவத்தையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து, ஒவ்வொரு வழியும் யாருக்குப் பொருந்தும் என்பதை எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதல் அளவுகோல், கிளட்ச் ஏன் தேய்ந்தது என்பது. ஓட்டும் பழக்கத்தால் தேய்ந்ததா, ஆயில் கசிவால் கெட்டதா, கேபிள் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்படாததால் வழுக்குகிறதா என்று தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும், புதிய பிளேட்டும் பழையதன் கதியையே அடையும்.

இரண்டாவது, கியர்பாக்ஸை இறக்கும் கூலி. கிளட்ச், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, மவுண்டுகளை அவிழ்த்து, கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதை எட்ட முடியும். சில நூறு ரூபாய் ஆயில் சீலை மாற்றுவதற்கும் முழு செட்டை மாற்றுவதற்கும் இந்தக் கூலி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பொருளின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தாது. ஒருமுறை இறக்கிய கியர்பாக்ஸை மறுபடி இறக்காமல் எத்தனை ஆண்டு ஓட்டலாம் என்பதே கணக்கு.

இந்தக் காரை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது மூன்றாவது. வேலையில் குறை வந்தால் பில்லைக் காட்டிக் கேட்க ஒரு இடம் இருக்கிறதா என்பது நான்காவது.

## முதலில், தேய்ந்திருப்பது கிளட்ச்தானா?

காலியான சாலையில் நான்காவது கியரில், 2,000 ஆர்.பி.எம். அளவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். இன்ஜின் சத்தமும் ஆர்.பி.எம். முள்ளும் சட்டென்று ஏற, வண்டியின் வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பலர் இதைத்தான் "ரேஸ் ஆகுது, பிக்கப் இல்ல" என்று சொல்கிறார்கள்.

மாறாக, வண்டி நகரும்போது மட்டும் உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு விழுந்திருக்கலாம், அல்லது இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம்; மவுண்ட்தான் காரணமென்றால் கிளட்சைத் தொடவே தேவையில்லை. பெடலை அழுத்தும்போது மட்டும் கீச்சென்று கேட்டால், பெடலை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான் பெரும்பாலும் காரணம். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, அழுத்தினால் நின்றுவிடுகிற சத்தமென்றால் கியர்பாக்ஸின் உள்ளே பார்க்க வேண்டியிருக்கும். கியர் விழாமல் கரகரத்தால், கேபிளையோ, ஹைட்ராலிக் வண்டியாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் ஸ்லேவ் சிலிண்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பெடலைக் கையால் மெல்ல அழுத்தினால், எதிர்ப்பு வருவதற்கு முன் சிறிது தூரம் லேசாக இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். அது அடியோடு போய்விட்டால், காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங் மிச்சம் இருக்கும்போதே கிளட்ச் வழுக்கும். அட்ஜஸ்ட்மென்ட் நட்டைத் திருகிச் சரிசெய்யக்கூடிய இந்தக் குறைக்கு முழு செட்டை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

## வழி ஒன்று: அட்ஜஸ்ட் செய்து ஓட்டுவது

கேபிளில் தளர்வு இல்லாததுதான் கோளாறு என்றால் இதுவே சரியான வழி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் லைனிங் உண்மையிலேயே தீர்ந்துவிட்ட பிறகு, இன்னும் சில மாதம் தள்ளலாம் என்று ஓட்டுவது நாமே செலவைக் கூட்டிக்கொள்வதாகும். லைனிங் முழுதாகத் தேய்ந்தால் அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலைகள் வெளியே வந்து ஃப்ளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் கீறும். பிளேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஃப்ளைவீல் வரை போகும். வழுக்கும் கிளட்சோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏற நினைப்பது குடும்பத்தோடு நடுவழியில் நிற்பதற்கு வழி. ஊருக்குள் கத்திப்பாரா பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டாலே பின்னால் வருகிறவர்களுக்கும் நமக்கும் ஆபத்து.

## வழி இரண்டு: கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றுவது

நான் முதலில் செய்தது இதுதான். பிளேட்டுக்கு 2,300 ரூபாயும் கூலிக்கு 3,500 ரூபாயும் கொடுத்தேன். பிரஷர் பிளேட் நன்றாகவே இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை என்று அந்தப் பட்டறையில் சொன்னதை நம்பினேன். ஒன்பது மாதம் கழித்து வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது உதறத் தொடங்கியது. இரண்டாவது முறை வேறொரு மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸை இறக்கியபோது அருகிலேயே நின்று பார்த்தேன். கூட்டின் உட்புறத்தில் இருந்த கருந்தூள் உலர்ந்து உதிராமல், ஈரமாகச் சேறுபோல ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் வழித்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது இன்ஜின் ஆயில். க்ராங்க் சீல் லீக் ஆயிருக்கு. போன தடவை இறக்கும்போதே பார்த்திருக்கணும்." பிளேட்டின் லைனிங் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, ஆனால் ஆயிலில் ஊறி, கண்ணாடிபோலப் பளபளத்தது. பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலநிறத் திட்டுகள் அங்கங்கே இருந்தன. அவை சூட்டால் இரும்பு நிறம் மாறிய இடங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது. பிளேட்டைத் தேய்த்த அதே சூடுதான் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங்கையும் தளர்த்தியிருக்கும், முகத்தையும் வளைத்திருக்கும். அதன் மேல் புதிய பிளேட்டைப் பொருத்தினால் முழுப் பரப்பும் படியாது. படியாத இடம் சூடேறும், சூடேறிய இடம் சீக்கிரம் தேயும். பழைய பிளேட்டிலேயே புது லைனிங் ஒட்டித் தருவதும் சில பட்டறைகளில் உண்டு. லாரிகளில் அதற்கு இடமிருக்கலாம். காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் பிளேட்டின் நடுவே உள்ள ஸ்பிரிங்குகளும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் கோக்கும் ஸ்ப்லைன் பற்களும் பழையவையாகவே இருந்துவிடுகின்றன.

பிளேட் மட்டும் மாற்றுவது பொருந்தும் சூழல் ஒன்று உண்டு. முழு செட் அண்மையில்தான் மாற்றப்பட்டது, கசிவால் பிளேட் மட்டும் நனைந்துவிட்டது, பிரஷர் பிளேட்டின் முகத்தில் நீலத் திட்டோ கீறலோ இல்லை என்று கண்ணால் பார்த்தால், சீலை மாற்றிவிட்டுப் பிளேட்டை மட்டும் போடலாம்.

## வழி மூன்று: கம்பெனி சர்வீஸில் முழு செட்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றுவதே முழு செட். கம்பெனி சர்வீஸில் இதைச் செய்தால் உங்கள் வண்டி எண்ணுக்குரிய சரியான பாகம் வரும், பில் வரும், குறை வந்தால் கேட்க இடம் இருக்கும். பொதுவாகத் தொகை அதிகம். எனக்கு வெளியில் ஆனதைவிட 5,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாக எழுதித் தந்தார்கள்.

பலர் ஏமாற்றம் அடைவது வாரண்டியில். பிரேக் பேடைப்போலவே கிளட்ச் லைனிங்கையும் தேயும் பொருளாகவே கம்பெனிகள் கருதுவதால், வண்டி வாரண்டியில் இருந்தாலும் சாதாரணத் தேய்மானத்துக்கு இலவசமாக மாற்றித் தருவதில்லை. ஆனால் தேய்மானத்துக்கான காரணம் ஆயில் சீல் கசிவாகவோ, பொருத்தும்போது நேர்ந்த பிழையாகவோ இருந்தால் நிலைமை வேறு. கசிந்த சீல் வாரண்டிக்குள் வரக்கூடிய பாகம். ஆகவே வாரண்டிக் காலத்தில் உள்ள வண்டியை வெளியில் பிரித்துவிடாதீர்கள். கம்பெனி சர்வீஸிலேயே பிரிக்கச் சொல்லி, பிரித்த நிலையில் வந்து பார்ப்பதாக எழுத்தில் சொல்லிவிட்டு, கூட்டின் உட்புறத்தையும் இரண்டு சீல்களின் சுற்றுப்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கம் க்ராங்க்ஷாஃப்டின் பின்புற சீல், கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட் சீல். ஓட்டும் முறைதான் காரணம் என்று அவர்கள் சொன்னால், அந்தப் படங்களை வைத்துத்தான் பேச முடியும்.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்களுக்கும் இந்த வழியே பாதுகாப்பானது. இரண்டு துண்டுகளாக, நடுவே ஸ்பிரிங்குகளோடு இருக்கும் அந்த ஃப்ளைவீலின் விலை, பல வண்டிகளில் கிளட்ச் செட்டின் விலையைவிட அதிகம். அதில் ஆட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் அளவு வைத்திருக்கிறார். அதை அளந்து பார்த்து முடிவு சொல்லும் பட்டறை வெளியில் கிடைப்பது எளிதல்ல.

## வழி நான்கு: நம்பகமான வெளி மெக்கானிக்கிடம் முழு செட்

வாரண்டி முடிந்த, சாதாரண ஃப்ளைவீல் உள்ள பெட்ரோல் காருக்கு என் தேர்வு இதுதான். இரண்டாவது முறை நான் இதைத்தான் செய்தேன்: செட்டுக்கு 6,100, க்ராங்க் சீலுக்கு 450, ஃப்ளைவீலின் முகத்தை லேத்தில் சமப்படுத்த 600, கியர் ஆயிலுக்கு 900, கூலி 3,500. இந்த 11,550 ரூபாயை முதலிலேயே செலவழித்திருந்தால், முன்பு கொடுத்த 5,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கார் கம்பெனிகளுக்கே கிளட்ச் செய்து தரும் வாலியோ, லுக், எக்செடி போன்ற நிறுவனங்கள் அவற்றைத் தங்கள் பெயரிலேயே சந்தையிலும் விற்கின்றன. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், நம் வாயில் ஜி.பி. ரோட்டில், இவற்றை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு, மெக்கானிக் சொன்ன மாடலோடு வண்டியின் சேசிஸ் எண்ணையும் காட்டி வாங்குங்கள். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு, இன்ஜினுக்கு இன்ஜின் பிளேட்டின் விட்டமும் ஸ்ப்லைன் பற்களும் மாறும். பெட்டியின் சீலும், பெட்டியில் உள்ள பாக எண்ணும், பிளேட்டில் பொறித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். கிளட்ச் வாங்காதீர்கள், அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உரசியது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு, பில் இல்லாமல் வாங்கும் ஆசை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்தது. வரி குறைந்திருக்கும் நிலையில், பில் இல்லாமல் மிச்சமாகும் சிறு தொகைக்காக, போலிப் பாகம் வந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, மெக்கானிக்கின் நிதானம். பிளேட்டைச் சென்டரிங் கருவி வைத்து நடுப்படுத்தாமல் பொருத்தினாலோ, கியர்பாக்ஸின் எடை பிளேட்டில் தொங்கும்படி ஏற்றினாலோ, புதுப் பிளேட் முதல் நாளிலேயே வளைந்துவிடும். காலையில் விட்டால் மதியம் எடுக்கலாம் என்று அவசரம் காட்டுபவரைவிட, நாளைக்குத்தான் தர முடியும் என்பவரிடம் விடுங்கள்.

## வழி ஐந்து: விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக்

ஓ.எம்.ஆரிலும் ஆற்காடு சாலையிலும் மெட்ரோ வேலையால் பல ஆண்டுகள் நகர்ந்து நகர்ந்து ஓட்டியவர்களுக்கு இந்த யோசனை இயல்பாகவே வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நியாயமான முடிவும்கூட. ஆனால் கிளட்ச் செலவைத் தவிர்ப்பதற்காகவே மாறுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து, பிறகு பல சிறிய கார்களுக்கும் பரவிய ஏ.எம்.டி. வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் இருப்பது அதே உலர்ந்த கிளட்ச் பிளேட்தான். நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி அதை அழுத்துகிறது. ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால், மேனுவலைப் போலவே அதுவும் கருகும். பெடல் இல்லாததால் கிளட்ச் பிடிக்கும் இடம் மாறுவதைக் கால் உணராது. தேய்மானம் தாமதமாகவே தெரியவரும். ஐ.எம்.டி. என்று பெடல் இல்லாமல் வரும் மேனுவல் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியில், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வேலையை ஆயில் வழியாகவே செய்துவிடுவதால் இந்தத் தேய்மானம் இல்லை. அதற்கு மேனுவலைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில், என்னுடையதைப் போன்ற சிறிய காருக்குப் பல முறை முழு செட் மாற்றிவிடலாம். வசதிக்காகவும் உடல்நலத்துக்காகவும் மாறுங்கள். கிளட்ச் செலவை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் மாறுவதாக இருந்தால் கணக்கு ஒத்துவராது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது ஏற்றது | மறைமுகச் செலவு |
|---|---|---|
| அட்ஜஸ்ட் செய்வது | கேபிளில் தளர்வு இல்லாதது மட்டுமே கோளாறு என்றால் | லைனிங் தீர்ந்த பின் தள்ளினால் ஃப்ளைவீல் கீறும் |
| பிளேட் மட்டும் | செட் புதியது, ஆயிலில் பிளேட் மட்டும் நனைந்தது | மறுபடி இறக்கும் கூலி |
| கம்பெனி சர்வீஸில் முழு செட் | வாரண்டிக் காலம், டூயல் மாஸ் ஃப்ளைவீல் | கூடுதல் தொகை. தேய்மானம் வாரண்டியில் வராது |
| வெளியில் முழு செட் | வாரண்டி முடிந்த பெட்ரோல் கார் | போலிப் பாகம், அவசர வேலை |
| ஆட்டோமேட்டிக் | முழங்கால் வலி, நாள்தோறும் நெரிசல் | ஏ.எம்.டி.யிலும் கிளட்ச் தேயும் |

## எந்த வழியானாலும், ஓட்டும் கால்

வண்டி நிற்கிறது, இன்ஜின் சுற்றுகிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை பிளேட் உரசிக்கொண்டே இருக்கும். சமதரையில், இன்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக் கிளட்சை விட்டால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் பிளேட்டில் வெப்பமாகிறது. 1,000 ஆர்.பி.எம்.மில் கிளம்புவதற்குப் பதிலாக 2,000-இல் வைத்துக் கிளம்பினால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும். முதல் கியரின் விகிதம் மூன்றரைக்கு அருகிலும் இரண்டாவதன் விகிதம் இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ள சிறிய கார்களில், இரண்டாவது கியரில் கிளம்பினால் மூன்று மடங்குக்கு மேல் சூடாகும். வேகத்தடைக்குப் பிறகு முதல் கியருக்கு இறங்கச் சோம்பல்படுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

தி. நகரில் அடித்தள பார்க்கிங்கிலிருந்து மேலேறும்போது, முன்னால் இருப்பவர் சீட்டைக் கொடுத்துவிட்டு நகரும்வரை ஹாஃப் கிளட்சில் நிற்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். மத்திய கைலாஷ் சிக்னலில் இரண்டடி நகர்ந்து இரண்டடி நிற்பதைவிட, முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழும்வரை நியூட்ரலில் காத்திருந்து, பிறகு கிளட்சை முழுவதும் விட்டு நகருங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோவும் இரண்டு சக்கர வண்டியும் நுழையத்தான் செய்யும், நுழையட்டும். கியர் மாற்றாத நேரத்தில் இடது காலைப் பெடலின் மேல் வைக்காமல், பக்கத்தில் தரையில் வையுங்கள். பலருடைய ரிலீஸ் பேரிங் கெடுவது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

மழைக்காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கிய நீரில், இன்ஜின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆக்சிலேட்டரை ஏற்றிக்கொண்டே ஹாஃப் கிளட்சில் கடப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு, சீரான மெதுவான வேகத்தில் செல்ல முடிந்த ஆழமாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். நனைந்த வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. கடற்கரையோரம் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுவது நல்லது.

புதிய செட் போட்ட பின் முதல் 500 கிலோமீட்டருக்கு வேகமாகக் கிளம்புவதையும், ஏற்றத்தில் முழுச் சுமையோடு இழுப்பதையும் தவிருங்கள். லைனிங்கின் முழுப் பரப்பும் ஃப்ளைவீலில் படிய அந்த அளவு ஓட்டம் வேண்டும். பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். என் பழைய பிளேட் இன்றும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஆயிலில் ஊறிப் பளபளத்த அதன் ஒரு பக்கத்தைக் காட்டித்தான், அடுத்த வீட்டுக்காரர் பிளேட்டை மட்டும் மாற்றப் போகிறேன் என்றபோது அவருடைய மெக்கானிக்கிடம் முதலில் சீலைப் பார்க்கச் சொன்னேன்.